சில்வானோவின் வலையும் என் மூக்கும்

சில்வானோ மொன்சோனைப் பற்றி எழுத இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நட்போடு பார்ப்பவன் ஒரு மனிதனைப் பாதிதான் பார்ப்பான். பொறாமையோடு பார்ப்பவன் அவன் சட்டையில் எந்தப் பொத்தான் வேறு நூலில் தைத்திருக்கிறது என்பதுவரை பார்த்துவைப்பான். சில்வானோவின் சட்டையில் அது மூன்றாவது பொத்தான். கறுப்பு நூல்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யாருக்காவது அது தெரியாமல் இருந்தால் அது அவர்கள் குறை. எவாரிஸ்தோ லெதெஸ்மா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஒரு கைப்பம்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாக பஸ் நிலையத்துக்கு எதிரே மரத்தடியில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவன். இன்று அதே இடத்தில் கம்ப்ரெஸரும் இரண்டு வண்டித் தூக்கிகளும் வைத்த கடை நிற்கிறது. மேலே என் பெயர் சிவப்பெழுத்தில் இருக்கிறது. பரானா ஆற்றிலிருந்து நெடுஞ்சாலை வரை என் கை படாத சக்கரம் கிடையாது. ரப்பரை மோந்து பார்த்தே அது எத்தனை வெயில் கண்டது என்று சொல்லுவேன். இந்த மூக்கைப் பற்றிப் பின்னால் வரும்.

இவ்வளவு சம்பாதித்தவனுக்கு, ஒரு மூங்கில் கட்டிலும் ஒரு சைக்கிளும் மட்டுமே சொத்தாக உள்ளவன் மேல் ஏன் பொறாமை வந்தது? சொல்கிறேன்.

சில்வானோ ஆற்றுத் தீவில் பிறந்தவன். அப்பா கூரைப்புல் அறுக்கிறவர். பத்தொன்பது வயதில் வின்சூக்கா ஒழிப்பு வேலையில் சேர்ந்தான். வின்சூக்கா என்பது மண்சுவர் விரிசலில் ஒளிந்திருந்து தூங்குகிறவர் ரத்தத்தைக் குடிக்கிற பூச்சி. அது கடித்தவர்களில் சிலருக்கு இருபது வருஷம் கழித்து இதயம் வீங்கும். சில்வானோவின் கூட்டத்துக்கு வேலை, குடிசை குடிசையாகப் போய்க் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, விரிசலுக்குள் விளக்கடித்து, அந்தப் பூச்சியை உயிரோடு பிடிப்பது. நசுங்கினால் பயனில்லை, அதன் வயிற்றைச் சோதனைக்கூடத்தில் பார்க்க வேண்டும். பிடித்து முடித்த பிறகு முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு சுவரெல்லாம் மருந்தடிப்பார்கள். மூக்குக்கு ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் இதையே செய்தான்.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அது நான்கு வருஷம்கூட நிற்கவில்லை. அந்தப் பெண் எங்கள் கடைக்கு எதிரிலிருந்துதான் பஸ் ஏறிப் போனாள். போகும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி, "உன் பக்கத்துல படுத்தா கொசுகூட என்னக் கடிக்க மாட்டேங்குது! உடம்பெல்லாம் மருந்து நாத்தம்!" என்று கத்தினாள். சில்வானோ தன் சட்டைக் கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. நாங்களெல்லாம் சிரித்தோம். அன்றைக்கு நானும் சிரித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் மனைவி தெல்மிரா செப்டம்பர் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். "மூன்று மாசத்தில் நடக்கலாம், ஆனால் தினமும் காலை ஊன்ற வேண்டும்" என்றார் டாக்டர். அவள் ஊன்ற மாட்டேன் என்றாள். சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், அதிலேயே வேர் விட்டுவிடுவாள் போலிருந்தது. நான் கெஞ்சினேன், அதட்டினேன், இரும்பில் கைப்பிடி அடித்துச் சுவரில் பொருத்தினேன். அதில் அவள் துடைக்கும் துணியைக் காயப்போட்டாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் எலுமிச்சை மரத்திலிருந்து ஒரு கிளை ஒடித்து, இலை வாசனைக்காக அவள் ஜன்னலில் வைத்தேன். அதில் தீய்ந்த ரொட்டித் துண்டு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலையில் சமையலறையிலிருந்து ஒரு கூச்சல்.

"கிழவா! ஓடி வா! சுவர் நடக்குது!"

போய்ப் பார்த்தால் கும்பிடுபூச்சிக் குஞ்சுகள். அந்த ரொட்டித் துண்டிலிருந்து நூல் நூலாகத் தொங்கி இறங்கி, எறும்பைவிட மெலிந்த கால்களோடு சுவரெங்கும் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பொடி வயதிலேயே முன்கைகளைக் கூப்பிக்கொண்டு. தெல்மிரா சிரித்தாள். விழுந்த பிறகு முதல் சிரிப்பு அதுதான். அதை உண்டாக்கியது என் எலுமிச்சைக் கிளை என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் குழந்தைகள் எல்லாரும் இந்தப் பூச்சியைப் பிடித்து, "மம்போரெட்டா, கடவுள் எங்கே?" என்று கேட்பார்கள். அது ஒரு கையை மேலே தூக்கிக் காட்டும். தெல்மிரா இருபத்தெட்டு வருஷம் பாலர் பள்ளியில் சமைத்தவள். இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். முப்பத்தொரு குஞ்சுகளைத் தனித்தனி ஜாடியில் போட்டு, மகளுடைய கல்யாண முக்காட்டில் மிஞ்சிய வலைத்துணியை வாயில் கட்டினாள்.

"இதுக்கு றெக்கை முளைக்கப் பிப்ரவரிக் கார்னிவல் ஆகும். என் எலும்பு கூடவும் ஏறக்குறைய அவ்வளவுதான். யாரு முதல்ல அந்த எலுமிச்சை மரத்துக்குப் போறான்னு பாப்போம்" என்றாள்.

"பூச்சியோட பந்தயமா?"

"உன்னோட போட்டா நீ ஏமாத்துவே. அது ஏமாத்தாது."

அன்றைக்கே மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓர் அடி வைத்தாள். ஆக, அந்த ஜாடிகள் வெறும் ஜாடிகள் அல்ல. அவள் கால்.

அதனால் தீனி என் பொறுப்பு என்று மார்தட்டிச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் வாழைப்பழத் தோலை ஜன்னலில் அழுக விட்டு, அதில் மொய்த்த பொடி ஈக்களைக் கொடுத்தோம். குஞ்சுகள் ஒரு சட்டை உரித்துப் பெரிதாயின. பொடி ஈ போதவில்லை. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. தலைநகரில் பல்லி வளர்க்கிறவர்களுக்குச் சுவர்க்கோழி விற்கிற ஒருவனுக்குப் போன் போட்டு, இருப்பதிலேயே பெரியதாக ஒரு பெட்டி பஸ்ஸில் வரவழைத்தேன். ஜாடிக்கு ஒன்று போட்டேன்.

கும்பிடுபூச்சி சட்டை உரிக்கும்போது தலைகீழாகத் தொங்கும், உடம்பு பால்கோவா மாதிரி மிருதுவாக இருக்கும், அசைய முடியாது. எனக்கு அது தெரியாது. காலையில் பார்த்தால், சாப்பிட வேண்டியதே சாப்பாடாகியிருந்தது. ஒன்பது ஜாடியில் சுவர்க்கோழி மட்டும் கொழுத்து உட்கார்ந்திருந்தது. பத்தாவதில் குஞ்சு உயிரோடிருந்தது. பின்னங்கால் ஒன்று இல்லை. அன்றிரவு சட்டை உரிக்காத மற்ற குஞ்சுகள் தப்பித்தன.

தெல்மிரா அந்தப் பத்தாவது ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி சோறு போடுறியே, கிழவா. பெருசா இருந்தா நல்லதுன்னு உனக்கு யார் சொன்னா?"

அந்தக் காலிழந்த குஞ்சுக்கு 'நொண்டிச்சி' என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்தது அதற்கு மட்டும்தான். பந்தயமும் அன்றிலிருந்து அதோடுதான்.

இந்த நேரத்தில்தான் சில்வானோ சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கடைக்கு வந்தான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒட்டிக்கொண்டே புலம்பினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காட்டுப்பூச்சிதான் குடுக்கணும், சமீகோ. நான் கொண்டாரேன்" என்றான். சமீகோ என்பது எங்கள் பக்கத்தில் எவனும் எவனையும் அழைக்கிற சொல். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

பழைய ஜன்னல் திரையைத் தைத்து, சைக்கிள் வளையத்தில் மாட்டிய வலை சுவரில் சாய்ந்திருந்தது. ரயில் ஓடாத பழைய தண்டவாளத்தின் இரு பக்கமும் இடுப்பளவு களை வளர்ந்து கிடக்கும். அதில் பன்னிரண்டு வீச்சு வீசினானாம், ஒரு ஜாடி நிறையப் பூச்சி. தத்துப்பூச்சி, குட்டி வெட்டுக்கிளி, அசுவினி, பச்சை ஈ, மயிரிழைக் கால் கொசு. வாயில் ஒரு ரப்பர்க் குழாயை வைத்து, நடுவில் சல்லாத்துணி அடைத்து, ஒரு பூச்சியை 'ஸ்ஸ்' என்று உறிஞ்சி, 'ஃபூ' என்று ஊதி நொண்டிச்சியின் ஜாடிக்குள் விட்டான். பூச்சியின் இறக்கையில் ஒரு மடிப்பு விழவில்லை. நொண்டிச்சி மூன்று காலில் நடந்து, ஒரு கணம் ஆடி, பட்டென்று கையை வீசியது. ஈ அதன் கையில்.

தெல்மிரா கைதட்டினாள். நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அதோட தலையைவிடப் பெரிய இரை குடுக்காதீங்க, தோன்யா தெல்மிரா. சட்டை உரிக்கப் போறதுக்கு முன்னாடி அது சாப்பிடாது, சும்மா தொங்கும். அப்ப ஜாடியைச் சுத்தமா காலி பண்ணிடணும். ஒரு கொசுகூட இருக்கப்படாது." தோன்யா என்பது பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல்.

"இவர் ஒன்பதுக்கு எமனா வந்தாரு" என்று என்னைக் காட்டினாள்.

"தெரியாமப் பண்ணினது. கால் போனா என்ன, அடுத்தடுத்த சட்டையில திரும்ப முளைச்சிரும்."

"நிஜமாவா?"

"முதல்ல குட்டையா வரும். அப்புறம் சரியாயிரும். உங்களுக்கு மாதிரியேதான்."

அவள் எழுந்து இரண்டு அடி வைத்தாள். நான் இரண்டு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி நடக்காதது, ஈ ஊதுகிறவன் ஒரே பேச்சில் நடத்திவிட்டான். அவள் குழந்தை மாதிரி ஜாடியில் குனிந்து, "மம்போரெட்டா, கடவுள் எங்கே?" என்று கேட்டாள். நொண்டிச்சி கையைத் தூக்கியது. சில்வானோ இருந்த பக்கமாக. அவன் தொப்பியில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது என்று நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

பிறகு மாத்தே வந்தது. சுரைக்குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரே குழலில் எல்லாரும் முறை வைத்துக் குடிப்பது எங்கள் வழக்கம். ஊற்றுகிறவள் முதல் குடுவையைத் தான் குடிப்பாள். அடுத்தது யாருக்கு என்பதுதான் விஷயம். நாற்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் அது எனக்கு வந்தது. அன்று சில்வானோவுக்குப் போனது. விருந்தாளி, சரி. மறுநாளும் அவனுக்குப் போனது. அதற்கு மறுநாளும்.

திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' சொன்னால், போதும், இனி ஊற்றாதே என்று பொருள். சில்வானோ ஏழு குடுவை குடிப்பான். நன்றி சொல்ல மாட்டான்.

நவம்பர் முழுக்க இப்படியே போனது. நான் கடையில் டயரைக் கழற்றிக்கொண்டிருப்பேன்; மனம் சமையலறையில் இருக்கும். இப்போது என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறான்? ஒரு நாள் பம்பை எடுக்க வந்தேன் என்று பொய் சொல்லிப் பதினொரு மணிக்கே வீட்டுக்குப் போனேன்.

"பம்பா? பம்பு எப்ப சமையலறைக்கு வந்துது?" என்றாள் தெல்மிரா. "சில்வானோ, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இவர் நம்ம ரெண்டு பேரையும் அளந்து பாக்க வந்திருக்காரு."

அவன் நிஜமாகவே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். அந்தப் பணிவுதான் என்னை இன்னும் எரித்தது. சண்டைக்காவது வரக்கூடாதா?

அவன் கைகளைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். என் கை இரும்பை வளைக்கும். அவன் கை ஒரு கொசுவின் காலைப் பிடித்து, கால் கழலாமல் விடும். நொண்டிச்சி இரண்டு சட்டை உரித்தது. குச்சி மாதிரி ஒரு குட்டைக் கால் முளைத்தது. தெல்மிரா ஒவ்வொரு சட்டைக்கும் சில அடி கூட்டி, நாற்காலியிலிருந்து வாசற்படி வரை பதினோரு அடி நடந்தாள். எல்லாப் பெருமையும் சில்வானோவுக்கு.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை. கடைக்கு ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் மருந்து ஊதுகிற பெரிய தொட்டி. சக்கரத்தில் தண்டவாள ஆணி ஏறியிருந்தது. ஓட்டி வந்தவன் லிசாந்த்ரோ, எனக்குத் தெரிந்த பையன்தான்.

"எங்க ஆணி மிதிச்சே?"

"ரயில் லைன்ல, தோன் எவாரிஸ்தோ. டெங்குக் கொசுவுக்கு மருந்து. விடியறதுலருந்து பாலம் வரைக்கும் ரெண்டு பக்கமும் அடிச்சாச்சு. இது புதுச் சரக்கு, கடுசு. அந்தப் பக்கம் கோழி கீழி மேயவிடுறவங்ககிட்ட சொல்லிவைங்க."

நான் ஒட்டிக் கொடுத்தேன். தொட்டியிலிருந்து பூண்டு அழுகியது மாதிரி ஒரு வாடை என் மூக்கில் ஏறி உட்கார்ந்தது. கோழி வளர்க்கிறவர்கள் யார் யார் என்று யோசித்தேன். சில்வானோவை நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அவன் என் நாற்காலியில். மேஜையில் நிறைந்த ஜாடி.

"இன்னைக்கு அதிர்ஷ்டம், சமீகோ! ஆறே வீச்சு. தானா வந்து வலையில விழுது. ஓடவே இல்ல" என்றான்.

ஜாடியிலிருந்து அதே வாடை. கொஞ்சம்தான், ஆனால் என் மூக்குக்குக் கொஞ்சம் போதும். உள்ளே ஈக்கள் குடித்தவன் மாதிரி நடந்துகொண்டிருந்தன. தெல்மிராவுக்கு அன்று ஜலதோஷம். மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இடுக்கியால் ஓர் ஈயை எடுத்தாள்.

ஒரு வார்த்தை போதும். நான் கை கழுவப் போனேன்.

எழுதுவதற்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கை கழுவுகிற தொட்டிப் பக்கம் நின்று சோப்புப் போட்டேன். நாளைக்கு இவை செத்துக் கிடக்கும், இவன் கொண்டு வந்ததால் செத்தது என்று ஆகும், இந்தச் சைக்கிள் இனி என் வாசலில் நிற்காது என்று நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் வலைத்துணி அவிழ்கிற சத்தம். ஒன்று. இன்னொரு தடவை சோப்புப் போட்டேன். இரண்டு. விரலிடுக்கில் டயர்க் கரி போகவில்லை என்று தேய்த்தேன். மூன்று.

அப்போது தெல்மிரா, "வா என் நொண்டிச்சி, உன் முறை" என்றாள்.

திரும்பினேன். எப்படி இரண்டு எட்டில் மேஜைக்குப் போனேன் என்று தெரியாது. அவள் கையிலிருந்த இடுக்கியைத் தட்டிவிட்டேன். பூச்சி ஜாடி விழுந்து சுக்குநூறானது.

"விஷம்! அதுல விஷம் இருக்கு! லைன்ல மருந்து அடிச்சிருக்கான்!"

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள் தெல்மிரா.

சில்வானோ மண்டியிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து மூக்கருகே வைத்தான். திரும்பத் திரும்ப மோந்தான். அன்றைக்குப் பஸ் நிலையத்தில் சட்டைக் கையை மோந்த அதே முகம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றான்.

"ஊரே நாறுது, உனக்குத் தெரியலியா?"

"எண்பத்தொன்பதாம் வருஷத்துலருந்து எனக்கு மூக்குல ஒண்ணும் ஏறாது, சமீகோ. சுட்ட ரொட்டியும் ஒண்ணுதான், செத்த எலியும் ஒண்ணுதான். மருந்தடிச்சு அடிச்சுப் போயிருச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேலைல இருந்து எடுத்துருவாங்கன்னு அப்ப பயம். அப்புறம் சொல்ல ஆள் இல்ல."

சாயங்காலத்துக்குள், அந்தத் தீனியைத் தின்ற மூன்று குஞ்சுகளும் நடுங்கி, வலைத்துணியிலிருந்து பிடி விட்டு விழுந்தன. சில்வானோ அதுவரை அங்கேயே நின்றான். தெல்மிரா கோபத்தில் தீயாகப் பேசுகிறவள். "முப்பது வருஷம் விஷம் தெளிச்ச ஆளை வீட்டுக்குள்ள விட்டது என் தப்பு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லவேளை நீ வந்தே, கிழவா. உன் மூக்குதான் நொண்டிச்சியைக் காப்பாத்துச்சு" என்றாள்.

கோபத்திலும் வழக்கத்தை விடக்கூடாது என்று ஒரு குடுவை ஊற்றி அவனுக்கு நீட்டினாள். அவன் குடித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"நன்றி, தோன்யா."

அவன் வாயில் அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். வலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனான்.

நான் ஆசைப்பட்டது எல்லாம் அடுத்த நாள் கிடைத்தது. என் நாற்காலி. என் குடுவை. தெரு முழுக்க என் மூக்குக்குப் புகழ். இறைச்சிக்கடைக்காரர்கூட, "லெதெஸ்மா, இந்தத் தொடைக்கறி எப்ப வெட்டினதுன்னு மோந்து சொல்லு" என்றார். சொன்னேன்; சரியாகத்தான் சொன்னேன். ஆனால் இரண்டாம் குடுவையிலேயே 'நன்றி' சொல்லிவிட்டேன்.

தீனி? வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். ஐம்பது வீச்சு வீசினேன். பிடித்ததை ஜாடிக்கு மாற்றும்போது என் விரலில் எல்லாம் கூழாகிவிட்டது. வாய்க்குழாயில் உறிஞ்சினேன், சல்லாத்துணி நழுவி ஒரு தத்துப்பூச்சி தொண்டைக்குள் போனது. பாதிக்குப் பாதி நசுங்கியதைக் கொண்டுவந்து கொடுத்தால், கும்பிடுபூச்சி செத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்று நாளில் ஜாடிகளில் வயிறுகள் ஒட்டிப்போயின. தெல்மிரா பதினோரு அடி நடப்பதை விட்டுவிட்டாள். கேட்டால், "பந்தயக்காரியே படுத்திருக்கா, நான் எதுக்கு ஓடணும்?" என்றாள்.

நான்காம் நாள் நொண்டிச்சியிடம், "கடவுள் எங்கே?" என்று கேட்டாள். அது கையைத் தூக்கவில்லை. அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. துடைக்கும் துணியை எடுத்து என் இரும்புக் கைப்பிடியில் மறுபடி காயப்போட்டாள்.

நான் பழைய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சில்வானோவின் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மூங்கில் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மூடினான்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "எனக்கு முன்னாடியே தெரியும். லிசாந்த்ரோ காலைலயே சொன்னான். உள்ள வந்ததும் வாடை வந்துது. நான் பேசாம நின்னேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் அவன் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தடவை சோப்புப் போட்டீங்க" என்றான். "பாத்தேன். டயர்க்காரர் இன்னைக்கு என்ன இவ்வளவு சுத்தம்னு நினைச்சேன்."

"ஆமா."

"ஏன், சமீகோ?"

"அவ உனக்குத்தான் முதல்ல குடுக்கிறா."

"என்னத்த?"

"மாத்தே."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தான். "மூக்கு போனா நாக்கும் போச்சு, தோன் எவாரிஸ்தோ. உங்க வீட்டுல நான் குடிச்சது அத்தனையும் எனக்கு வெந்நீர்தான். கசப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது. சூடு மட்டும் தெரியும்."

"அப்ப எதுக்கு ஏழு குடுவை குடிச்சே?"

"ஒரு ஆள் கையால குடுக்குதே."

"நாளைக்கு வீட்டுக்கு வா" என்றேன். எழுபது வயதில் நான் ஒருவனை வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

வர மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டான்: "நான் வர்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. அந்த மூணும் என் கணக்குல கிடக்கு. நான் வின்சூக்காவையே நசுக்காம எடுத்தவன்."

அன்றைக்கே சொன்னேன். தெல்மிரா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.  திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணுக்கும் பேர் வைக்கல" என்றாள் கடைசியில். "வச்சிருந்தா உன்னை இந்த வீட்டுல வச்சிருக்க மாட்டேன்." பிறகு, "அவரைப் போய்க் கூட்டிட்டு வா. நானும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். உனக்கு இனி கடைசிக் குடுவை. சாகுற வரைக்கும்" என்றாள்.

மறுநாளிலிருந்து காலையில் நான் முன்னால், சில்வானோ பின்னால். தண்டவாளப் பக்கம் விட்டுவிட்டோம். ஏரிக்கு அந்தப் புறம் மேய்ச்சல் புல்வெளி. நான் நாலு எட்டு முன்னே போய்க் குனிந்து புல்லை மோந்து, "சுத்தம்" என்பேன். அப்புறம்தான் அவன் வலை வீசுவான். ஊர் சும்மா இருக்குமா? "லெதெஸ்மா, டயர் வியாபாரம் படுத்து மோப்ப நாய் வேலைக்குப் போயிட்டீங்களா?" என்று பஸ்ஸிலிருந்து கத்துவார்கள். கத்தட்டும். பரானாக் கரையில் இப்படி ஒரு மூக்கு இன்னொன்று காட்டட்டும், பார்க்கலாம். ஒரு தடவை ஒரு முழுப் புல்வெளியையே வேண்டாம் என்று தடுத்தேன். பிறகு விசாரித்தால் அதன் சொந்தக்காரன் முந்தின நாள் உண்ணி மருந்து தெளித்திருந்தான்.

கார்னிவலுக்குப் பத்து நாள் முன்பு, ஒரு காலை வேளையில் நொண்டிச்சி தலைகீழாகத் தொங்கியது. மற்றவை அதற்குள் இறக்கை முளைத்து மரத்துக்குப் போயிருந்தன. சில்வானோ ஜாடியைக் காலி செய்தான். மூன்று பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். பழைய சட்டையிலிருந்து வழுக்கி இறங்கி, கசங்கிய பட்டுத்துணி மாதிரி இருந்த இறக்கையை மெல்ல மெல்ல விரித்தது. ஆறு காலும் இருந்தன. பின்னங்காலில் ஒன்று கொஞ்சம் குட்டை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"அது ஜெயிச்சிருச்சு" என்றேன்.

"இன்னும் மரத்துக்குப் போகல இல்ல?" என்றாள் தெல்மிரா.

இறக்கை காய்ந்து இறுகட்டும் என்று மறுநாள் காலை வரை விட்டோம். பிறகு ஒரு கையில் ஜாடி, இன்னொரு கையில் தடி. பதினோரு அடி வாசற்படி. அங்கிருந்து எலுமிச்சை மரத்துக்கு இருபத்தாறு அடி. நான் முன்பே அளந்துவைத்திருந்தேன். படி இறங்கும்போது தடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு கை நீட்டினாள். நான் இடப்பக்கம் நின்றேன். சில்வானோ வலப்பக்கம். அவள் பிடித்தது வலப்பக்கக் கையை. அந்தக் கைதான் அவளுக்குக் கிட்டே, உடைந்ததும் அந்த இடுப்புதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் முள் குத்தியது. தடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

நொண்டிச்சி ஜாடியின் விளிம்பில் ஏறி, இலைக்குத் தாவியது. பச்சையோடு பச்சையாகி, அரை நிமிஷத்தில் எங்கே என்று தெரியவில்லை. தெல்மிரா மரத்தடியில் நின்று, நான் கொண்டு வந்த முக்காலியைக்கூடக் கவனிக்காமல், கொஞ்சம் அழுதாள்.

பிறகு திரும்பி நடந்து வந்து மாத்தே ஊற்றினாள். முதல் குடுவை அவள். அடுத்தது சில்வானோ. கடைசியில் நான்.

இதை எழுதும்போது அடுத்த அக்டோபர் வந்துவிட்டது. எலுமிச்சை மரத்தில் மூன்று ரொட்டித் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. பக்கத்து அறையில் தெல்மிரா ஜாடி கழுவுகிறாள், நின்றுகொண்டே. சில்வானோ என் நாற்காலியில் இருக்கிறான். நான் கணக்கு வைத்திருக்கிறேன்: இன்று அவனுக்கு இது எட்டாவது குடுவை. இதுவரை நன்றி சொல்லவில்லை.